ஸ்டேட்டஸ்கோ கிடா

கிடாவைக் களவாண்டு போனவன் கயிற்றை விட்டுவிட்டுப் போயிருந்தான். வீசி எறிந்துவிட்டு அல்ல. முடிச்சை நிதானமாக அவிழ்த்து, கயிற்றை வளையம் வளையமாகச் சுருட்டி, முளைக்குச்சியின் தலையில் மாலை போட்டதுபோல மாட்டிவிட்டுப் போயிருந்தான்.

"சவூதியில, தம்மாம்ல ஆறு வருசம் இருந்தேன்க்கா. அங்க கூட இவ்வளவு மரியாதை தெரிஞ்ச திருடனைப் பாத்ததில்ல" என்றான் முகம்மது ரபீக்.

ஆவுடைத்தாய் குனிந்து கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அருப்புக்கோட்டையில் நூல்கடை மாடியில் அவள் துப்பறியும் நிலையம் நடத்துகிறாள். பெரும்பாலும் கல்யாண விசாரணைதான். மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு ஏற்கெனவே பேசி முறிந்த சம்பந்தம் உண்டா, சம்பந்தி வீட்டார் சொல்லும் தோட்டம் தரையில் இருக்கிறதா வாயில் இருக்கிறதா. ரபீக் அவளுக்கு உதவியாளன், டிரைவர், சில நேரம் தலைவலி. பரளச்சிக்குத் தெற்கே பொட்டல்குளத்தில் ஒரு கிடாவைத் தேடி ஸ்கூட்டரில் வந்து இறங்கியது இருவருக்கும் இதுதான் முதல் தடவை.

"கயித்தை ஏன் விட்டுட்டுப் போனான்?" என்றாள் ஆவுடைத்தாய்.

"அதை அவன்ட்டதான் கேக்கணும்."

"கறிக்குத் திருடுறவன் கயித்தோட இழுத்துட்டுல்ல போவான்."

விடிந்ததும் ஃபோன் போட்டு இவர்களை வரவழைத்த தங்கலட்சுமி அருகில் நின்றாள். அவளுக்குக் கண் சிவந்திருந்தது. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவளும் மகளும் இந்த வீட்டில் இருக்கிறார்கள். வீடு, வாசல், கரிசல் நிலம் எல்லாவற்றிலும் பங்கு கேட்டு அவள் கொழுந்தன் நல்லமுத்து வழக்குப் போட்டு நாலு வருஷம் ஆகிறது.

"கயித்தைத் தொடக்கூடாதும்மா. கயிறும் ஃபோட்டோவுல இருக்கு" என்றாள் அவள்.

"எந்த ஃபோட்டோவுல?"

அதற்குப் பதில் வேறு திசையிலிருந்து வந்தது. கக்கத்தில் ரெக்சின் பையோடு மருதுபாண்டி வந்துகொண்டிருந்தார். வக்கீல் இல்லை. வக்கீல்களிடம் ஆட்களைக் கூட்டிப்போய், கூட்டிப்போய், பாதி வக்கீலாக ஆனவர். காலையில் தங்கலட்சுமிக்கும் மாலையில் நல்லமுத்துவுக்கும் யோசனை சொல்வார். கேட்டால், நடுநிலை என்பார்.

"ஸ்டேட்டஸ்கோ ஆர்டர் ஆன அன்னைக்கு எடுத்த ஃபோட்டோ" என்றார். "இருந்தது இருந்தபடி இருக்கணும்னு கோர்ட்டு சொல்லிருச்சு. தபசில்ல, அதான் வழக்குச் சொத்துப் பட்டியல்ல, ஏழாவது அயிட்டம், கருப்பு நிறக் கிடா ஒண்ணு. கருப்பசாமிக்கு நேந்துவிட்டது. மறுநாள் வெட்டவேண்டியது. முதல் நாள் சாயங்காலம் ஆர்டர் வந்திருச்சு."

"அப்ப நாலு வருசமா வெட்டலையா?" என்றான் ரபீக்.

"எப்படித் தம்பி வெட்ட? அது ஸ்டேட்டஸ்கோவுல இருக்கு. சாமியா இருந்தாலும் கோர்ட்டுல கேவியட் மனு போட்டுட்டுல்ல வரணும்."

விஷயம் இதுதான். கிடாவுக்கு ஒரு வாரம் மதினி தீனி, ஒரு வாரம் கொழுந்தன் தீனி. இன்று மாலை நாலு மணிக்குக் கோர்ட்டு அனுப்பும் வக்கீல் கமிஷனர் அந்த ஃபோட்டோவோடு வருகிறார். நாலு வருஷமாக எல்லாம் இருந்தபடியே இருக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொண்டு போவார். கிடா காணாமல் போனது நேற்று ராத்திரி. இந்த வாரம் தங்கலட்சுமியின் வாரம்.

"கிடா இல்லன்னா கோர்ட்டு அவமதிப்பு" என்றார் மருதுபாண்டி. "இவுக உள்ள போகணும். வீட்டுச் சாவியும் கைமாறிரும். நான் சொல்லலை, சட்டம் சொல்லுது."

தங்கலட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "எம் மக பரிட்சை எழுதிக்கிட்டு இருக்காம்மா. எங்க போய் நிப்போம்?"

ஆவுடைத்தாய் ஃபோட்டோவை வாங்கிப் பார்த்தாள். தங்கலட்சுமியின் செல்லில் அது பத்திரமாக இருந்தது. வேப்பமரம், கட்டில், உடைந்த மண்வெட்டி, ஒற்றைச் செருப்பு, நடுவில் தாடி வைத்த பெரிய கருங்கிடா. பிறகு வாசலைப் பார்த்தாள். கட்டில் அதே இடத்தில் கறையான் தின்று நின்றது. மண்வெட்டி அப்படியே. ஒற்றைச் செருப்பும் அப்படியே, அதற்குள் எறும்பு குடியேறியிருந்தது. இரண்டு கட்சியும் அதைத் தாண்டித்தான் நடந்தார்கள்.

கிடா சுற்றிச் சுற்றி வந்த இடத்தில் தரை வழுக்கையாகியிருந்தது. முளைக்குச்சியிலிருந்து கயிறு எட்டும் தூரம்வரை ஒரு புல் இல்லை. அதற்கு வெளியே நல்ல பச்சை.

வேப்பமரம் அந்த வட்டத்துக்குள் இருந்தது. ஆவுடைத்தாய் அதன் பட்டையைத் தடவிப் பார்த்தாள். கிடா கொம்பு உரசிய தடங்கள். மேலே ஒன்று, கறுத்து ஆறிப்போனது. அதற்குக் கீழே ஒன்று, பாதி ஆறியது. அதற்கும் கீழே ஒன்று, பச்சையாகப் பிசின் கசிந்தது. அவள் ஒவ்வொன்றுக்கும் நேராகத் தன் கையை வைத்துப் பார்த்தாள். இடுப்பு, தொடை, முட்டி.

"ரபீக்கு, கிடா வளருமா தேயுமா?"

"அது என்ன சோப்பாக்கா, தேயுறதுக்கு?"

அவள் உள்ளங்கையில் ஒட்டிய பட்டைத் தூளைத் தட்டிவிட்டாள். முகத்தை மட்டும் கவனித்துப் பழகியிருந்த ரபீக்குக்கு, அக்கா எதையோ பிடித்துவிட்டாள் என்று தெரிந்தது. எதை என்றுதான் தெரியவில்லை.

தெருவின் மறுகோடியில் இருந்த நல்லமுத்து வீட்டுக்கு நடந்தார்கள்.

"இந்த ஊர்ல யாருக்கும் இங்கிலீஷு வராது" என்றான் ரபீக். "ஆனா டீக்கடையில கூட ஸ்டேட்டஸ்கோ, கேவியட், அஃபிடவிட்னு போட்டுத் தாளிக்கிறாங்க."

"அதெல்லாம் இங்கிலீஷே இல்லலே. லத்தீன். ரோமாபுரிப் பாஷை. இங்கிலீஷ்காரன் கடன் வாங்கிக் கோர்ட்டுல வச்சுக்கிட்டான். நம்ம ஊர்ல வந்து விட்டுட்டுப் போயிட்டான். இன்னைக்கு ரோமாபுரியிலயே அதைப் பேச ஆள் இல்ல."

"பொட்டல்குளத்துல இருக்காங்களே."

"நீயும் பேசுற. காலையில ஏ.எம்.னு சொல்ற, சாயங்காலம் பி.எம்.னு சொல்ற. எல்லாம் அதுதான். பள்ளிக்கூடத்துல வாங்குன போனஃபைடு சர்டிபிகேட்டு, பெர்சென்டு, கல்யாணத்துக்குக் கொண்டுவாராகளே பயோடேட்டா, அதுல பாதி. ஒன்னோட விசாவும் லத்தீன்தான்."

ரபீக் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே நடந்தான். "அதான் எனக்குச் சேரலை போலிருக்கு."

நல்லமுத்து வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும் துண்டை எடுத்தான். யாரும் வாய் திறப்பதற்கு முன்பே அவன் திறந்தான்.

"நேத்து ராத்திரி நான் மல்லாங்கிணத்துல இருந்தேன். சொந்தக்காரக வீட்டுக் கல்யாணம். அலிபி இருக்கு."

"நல்லது" என்றாள் ஆவுடைத்தாய். "நான் இன்னும் கும்பிடே போடலை. அதுக்குள்ள எதுக்கு அலிபி?"

நல்லமுத்து விழித்தான். ஆனால் ஏற்பாட்டை நடுவில் நிறுத்த அவனால் முடியவில்லை. உள்ளே போய் மஞ்சள் பையைக் கொண்டுவந்தான். கல்யாணப் பத்திரிகை, தாம்பூலப் பை, போக வர பஸ் டிக்கெட்டு, பந்தியில் உட்கார்ந்து எடுத்த படம், பொண்ணு மாப்பிள்ளைக்குப் பின்னால் எட்டிப் பார்த்து எடுத்த படம், மண்டபத்துக் கடிகாரத்துக்குக் கீழே நின்று எடுத்த படம்.

"எல்லாத்தையும் சேத்து வைக்கணும்னு ஒங்களுக்கு எப்படித் தோணுச்சு?" என்றாள் அவள்.

"மருதுபாண்டி அண்ணாச்சிதான் சொன்னாரு."

"எப்பச் சொன்னாரு?"

"செவ்வாக்கிழம."

கிடா காணாமல் போனது புதன்கிழமை ராத்திரி.

"பாருங்கக்கா" என்றான் ரபீக். "கிடா காணாம போறதுக்கு முந்தின நாளே அலிபி ரெடி. இந்த மாதிரி ஆளைத்தான் கல்யாண மண்டபத்துக்கு மேனேஜராப் போடணும்."

நல்லமுத்து துண்டால் மறுபடி முகத்தைத் துடைத்தான். முகம் ஏற்கெனவே காய்ந்துதான் இருந்தது.

ஆவுடைத்தாய் பையைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் கண் வாசற்படியில் கிடந்த அவன் செருப்பின்மேல் இருந்தது. காலால் ஒன்றைத் திருப்பிப் போட்டாள். அடிப்பாகம் முழுக்க நெட்டுநெட்டாய்ச் சீமைக்கருவேல முள். சில முறிந்து, சில முழுசாக.

"மல்லாங்கிணத்து மண்டபத்துல தரை எப்படி? டைல்ஸா?"

"டைல்ஸுதான்."

"அங்க எங்க கருவமரம் மொளைச்சது?"

நல்லமுத்து செருப்பைப் பார்த்தான். பிறகு பையைப் பார்த்தான். செருப்புக்கு என்ன சொல்வது என்று மருதுபாண்டி சொல்லிக்கொடுக்கவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

ஊருக்குள் கருவேலங்காடு என்றால் ஒரே இடம்தான். தண்ணீர் இல்லாத கண்மாய். ஸ்கூட்டர் போகும்வரை போய், பிறகு நடந்தார்கள். நல்லமுத்துவும் பின்னாலேயே வந்தான். வராமல் இருக்கவும் முடியாமல், வா என்று சொல்லவும் ஆளில்லாமல் வருகிறவனின் நடை அது.

கண்மாய்க்குள் ராக்கம்மாள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். கருவேலங்காயைத் தேடி வெள்ளாடுகள் முன்னங்காலைக் கிளையில் வைத்து நின்றன. கறுப்பு ஆடுகளே அதிகம்.

"புது ஆடு ஏதாச்சும் வந்து சேந்துச்சா ஆத்தா?" என்றாள் ஆவுடைத்தாய்.

"எங்கிட்ட ஏது புது ஆடு? எல்லாம் நான் பேறு பாத்து வளத்தது" என்றாள் ராக்கம்மாள், நல்லமுத்துவைப் பார்க்காமல்.

"இருக்கட்டும். அந்தக் கரைக்கு ஒருதரம் ஓட்டுங்க, பாப்போம்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

ராக்கம்மாள் கம்பைத் தட்டிக் குரல் கொடுத்தாள். மந்தை அசைந்தது. ஆடுகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, புழுதியைக் கிளப்பிக்கொண்டு கரைப்பக்கம் போயின. ரபீக் கண்ணில் விழுந்த புழுதியைத் துடைத்துவிட்டுப் பார்த்தான்.

ஒரு கருங்கிடா போகவில்லை.

மந்தையோடு நாலு எட்டு வைத்தது. பிறகு யாரோ பின்னாலிருந்து இழுத்ததுபோல நின்றது. வலது பக்கம் திரும்பியது. ஒரு சின்னக் கருவேலஞ்செடியைச் சுற்றி நடக்க ஆரம்பித்தது. ஒரு சுற்று முடித்து, மறு சுற்று. மந்தை கூப்பிடும் சத்தம் கேட்டு முன்னால் வந்தது, அதே இடத்தில் நின்றது, திரும்பியது. அதன் கழுத்தில் கயிறு இல்லை. ஆனால் கயிற்றின் நீளம் இருந்தது.

ரபீக்குக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

"விடியமுன்ன இந்த அண்ணாச்சிதான் கொண்டாந்து விட்டாக" என்றாள் ராக்கம்மாள், நல்லமுத்து பக்கம் கம்பை நீட்டி. "சாயங்காலம் வரைக்கும் வச்சிரு ஆத்தான்னாக. நான் என்ன கண்டேன்?"

ஆவுடைத்தாய் கிடாவின் அருகே போய் அதன் தாடையைப் பிடித்து வாயைத் திறந்தாள். அதுவும் பழகிய வீட்டுப் பிள்ளைபோல வாயைக் காட்டியது.

"விழுந்து முளைச்ச பல்லு நாலுதான். ரெண்டு வயசுக் கிடா. வழக்குக்கு வயசு நாலு. ஃபோட்டோவுல இருக்கப்பவே அது கொம்பு சுருண்ட கிடா. வழக்குக்கு வயசு ஏற ஏற, இதுக்கு மட்டும் வயசு இறங்கியிருக்கு."

நல்லமுத்து அப்படியே கருவேல நிழலில் உட்கார்ந்தான்.

"செத்துப்போச்சும்மா" என்றான். "மொத வருசமே. எங்க வாரத்துல. மதினியும் மகளும் அன்னைக்கு ஊர்ல இல்ல. ராத்திரி வயிறு ஊதிக் கிடந்துச்சு. வெளிய தெரிஞ்சா மதினி கேஸைப் போட்டு என்னைய உள்ள தள்ளிருவாகன்னு, விடியமுன்ன புதைச்சுட்டு, சந்தையில அதே நெறத்துல ஒண்ணு வாங்கியாந்து கட்டிட்டேன். இப்ப அந்தக் கமிஷனரம்மா ஃபோட்டோவை வச்சுக்கிட்டு வாராக. அளந்து பாத்தா? அதான் காணாமயே போயிட்டா நல்லதுன்னு. மண்டபத்துல இருந்து நடுராத்திரி ஒரு லோடு வண்டியில ஏறி வந்தேன். திரும்பிப் போய் மொத பஸ்ஸுல டிக்கெட்டு எடுத்து வந்தேன்."

"கயித்தை ஏன் தொடலை?" என்றான் ரபீக்.

நல்லமுத்து அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "கயிறு ஸ்டேட்டஸ்கோவுல இருக்கே தம்பி."

கிடாவைத் திருடலாம், கோர்ட்டு உத்தரவை மீறக் கூடாது. ரபீக் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"நீங்க வாங்குனது மொத வருசம்" என்றாள் ஆவுடைத்தாய். "இன்னைக்கு அதுக்கும் முழுப் பல்லு இருக்கணும். இது நீங்க வாங்குன கிடாவும் இல்ல. அது ஒங்களுக்குத் தெரியும்."

நல்லமுத்து விரலால் மண்ணைக் கிளறினான்.

"நான் வாங்குனதுக்கு வலது காதுல சின்ன வெட்டு உண்டு. இதுக்கு இல்ல. போன வருசமே பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் கேக்கலை?"

"எப்படிக் கேக்க? இது அது இல்லன்னு சொன்னா, எது அதுன்னு கேப்பாகல்ல."

திரும்பி வந்தபோது தங்கலட்சுமி கிடாவைக் கண்டு ஓடிவந்தாள். கொழுந்தன் பின்னால் வருவதைக் கண்டு நின்றாள். ஆவுடைத்தாய் முகத்தைக் கண்டதும் அவளுக்கு ஓடிவந்த வேகம் போய்விட்டது.

"வேப்பமரத்துல மூணு தடம் இருக்கு" என்றாள் ஆவுடைத்தாய். "மூணு உசரம். மொதத் தடத்துக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல என்ன நடந்துச்சுன்னு இவுக சொல்லிட்டாக. ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல நடந்ததை நீங்கதான் சொல்லணும்."

தங்கலட்சுமி கிடாவின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"பாம்பு தொட்டிருச்சு" என்றாள் கடைசியில். "எங்க வாரம். சாமிக்கு நேந்ததை நான் கொன்னுட்டேனேன்னு மூணு நாள் சோறு எறங்கலை. எங்கண்ணன் எம்.ரெட்டியபட்டியில இருந்து ஒண்ணைக் கொண்டாந்து குடுத்துச்சு."

"அதுக்கா அழுதீக?" என்றான் நல்லமுத்து. "அது சாமிக்கு நேந்ததே இல்ல மதினி. நான் சந்தையில வாங்குனது."

தங்கலட்சுமி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அதான் ஒம்ம வாரம் முடிஞ்சதும் திடீர்னு எளைச்சு நின்னுச்சா? நீரு தீனி போடலைன்னு நான் எத்தனை நாள் வஞ்சிருப்பேன்."

"எனக்கும் தெரியும். நீங்க வஞ்சது எங்க வீடு வரைக்கும் கேக்கும்."

நாலு வருஷத்தில் அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது. மருதுபாண்டி நடுவில் வந்து, இப்படிப் பேசுவதே வழக்குக்குக் கெடுதல் என்றார். அதற்குள் தெருமுனையில் ஜீப் சத்தம் கேட்டது.

"கட்டுங்க, கட்டுங்க" என்று மருதுபாண்டி கயிற்றை எடுக்கப் போனார்.

"விடுங்க" என்றாள் ஆவுடைத்தாய். "அது எங்கயும் போகாது."

வக்கீல் கமிஷனர் சத்யபிரியா சின்ன வயசுக்காரி. கையில் ஃபோட்டோ, கழுத்தில் டேப்பு, முகத்தில் வெயில். கட்டிலைச் சரிபார்த்தாள், மண்வெட்டியைச் சரிபார்த்தாள், ஒற்றைச் செருப்பைத் தாண்டிப் போய் ஏழாவது அயிட்டத்தின் முன்னால் நின்றாள். ஃபோட்டோவைப் பார்த்தாள். கிடாவைப் பார்த்தாள். மறுபடி ஃபோட்டோ.

தங்கலட்சுமியின் கை தானாகப் போய் வீட்டுக் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டதை ரபீக் கவனித்தான்.

"ஃபோட்டோவுல பெருசா இருக்கே" என்றாள் சத்யபிரியா.

மருதுபாண்டி பையை மறு கக்கத்துக்கு மாற்றினார்.

"வயசாயிருச்சுங்க மேடம்" என்றான் நல்லமுத்து. "சுருங்கிருச்சு."

"ஆமாம்மா" என்றாள் தங்கலட்சுமி. "கேஸு கவலை."

சத்யபிரியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதே கிடாதானா?"

"இதே கிடாதான்" என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

அவள் பேனாவை எடுத்து எழுதினாள். எழுதி முடித்துக் கண்ணாடியைக் கழற்றினாள். "இந்த வழக்குல ரெண்டு பேரும் ஒண்ணா ஒத்துக்கிட்ட மொத விஷயம் இதுதான். இவ்வளவு ஒத்துப்போறவங்க மத்ததையும் பேசி முடிச்சா என்ன? ராஜியாப் போறோம்னு எழுதிக் குடுங்க, கோர்ட்டுல நானே வைக்கிறேன்."

மதினியும் கொழுந்தனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையின் கணக்கு ரபீக்குக்குப் புரிந்தது. வழக்கு நடந்தால் என்றாவது ஒருநாள் யாராவது அந்தக் கிடாவின் வாயைத் திறந்து பார்ப்பார்கள். அப்போது இரண்டு பேரும் ஜெயிலுக்கு ஒரே பஸ்ஸில்தான் போகவேண்டிவரும்.

"வீடு மதினிக்கே இருக்கட்டும்" என்றான் நல்லமுத்து. "நெலத்துல பாதி குடுத்தாப் போதும்."

தங்கலட்சுமி நிலையிலிருந்து கையை எடுத்தாள்.

"அவசரப்படாதீக" என்றார் மருதுபாண்டி. அவர் குரலில் முதல்முறையாக உண்மையான வருத்தம் இருந்தது. "வழக்கு முடிஞ்சா ஸ்டேட்டஸ்கோ போயிரும். ஸ்டேட்டஸ்கோ போயிட்டா கிடா கருப்பசாமிக்குத்தான். மறுநாளே வெட்டணும்."

"அப்ப எல்லாருக்கும் சமாதானம். இதுக்கு மட்டும் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு" என்றான் ரபீக். "ஒரு வார்த்தை கேக்காமயே."

தங்கலட்சுமி கிடாவைப் பார்த்தாள். பிறகு மெல்ல நல்லமுத்துவின் பக்கம் சாய்ந்து, ஆவுடைத்தாய்க்கும் ரபீக்குக்கும் மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"வெட்டுனா தலை பூசாரிக்குப் போகும். அவுக மொதல்ல பல்லைத்தான் பாப்பாக."

நல்லமுத்து கமிஷனர் பக்கம் திரும்பினான்.

"மேடம், மத்த எல்லாத்தையும் முடிச்சிருங்க. ஏழாவது அயிட்டம் மட்டும் இருந்தது இருந்தபடி இருக்கட்டும்."

"ஆடு மேலயா?" என்றாள் சத்யபிரியா.

"ரெண்டு பேரும் ஒத்துக்கிறோம்" என்றாள் தங்கலட்சுமி. "ஒரு வாரம் நான், ஒரு வாரம் அவுக."

எழுதி, கையெழுத்து வாங்கி, ஜீப் கிளம்பியது. மருதுபாண்டி பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, திருச்சுழி பஸ் எத்தனை மணிக்கு என்று யாரிடமோ கேட்டார். தங்கலட்சுமி நாலு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கட்டிலை இழுத்து நிழலில் போட்டு, கொழுந்தனை உட்காரச் சொன்னாள். கட்டில் அவனோடு சேர்ந்து தரையில் உட்கார்ந்தது.

ரபீக் ஸ்கூட்டரைத் திருப்பும்போதுதான் முளைக்குச்சியைப் பார்த்தான். கயிறு சுருட்டியபடியே அதன் தலையில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்நேரம்வரை யாரும் கிடாவைக் கட்டவே இல்லை.

கிடா வழுக்கை வட்டத்தின் ஓரத்துக்கு நடந்து வந்தது. நின்றது. ஒரு முழம் தள்ளிப் பச்சைப்புல். கழுத்தை நீட்டிப் பார்த்தது. எட்டவில்லை. திரும்பி, மரத்தைச் சுற்றி அடுத்த சுற்றுக்குப் போனது.

"ஏறுலே, நேரமாச்சு" என்றாள் ஆவுடைத்தாய். "இன்னும் என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற?"

"ஒண்ணுமில்லக்கா" என்றான் ரபீக். "அதுக்கு மட்டும் இன்னும் ஆர்டர் காப்பி போய்ச் சேரலை."